மகள் மேல் ஒரு பிராது

வேல்விழி ஊரைவிட்டுப் போக இன்னும் நான்கே நாள். சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து, விடுதியில் கட்டிலும் ஒதுக்கியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ரயில்.

வியாழக்கிழமை விருத்தகிரி வேலைக்குக் கிளம்பும்போது மகள் அடுப்படியிலிருந்து, "டிபன் பாக்ஸு மேல வச்சிருக்கேன்" என்றாள். அவர் "ம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது கேட்கலாம் என்று தோன்றியது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் அவர் நினைத்ததுண்டு. சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகலாம். இங்கே ஆவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்ததா, ரேஷன் வாங்கியாயிற்றா, சாப்பிட்டாயா, கதவைத் தாழ் போட்டுக்கொள். இரண்டு அறை வீட்டில் பேச்சு இவ்வளவுதான். தோழிகளோடு போனில் பேசும்போது மட்டும் உள்ளறையிலிருந்து அவள் சிரிப்பு கேட்கும். அவர் உள்ளே நுழைந்தால் குரல் தணிந்துவிடும். மரியாதைக்காகத்தான். அந்த மரியாதைதான் அவருக்கு வலித்தது.

அம்மா இல்லாத வீட்டிலிருந்து இப்போது அவளும் போகிறாள். போகுமுன் ஒரே ஒரு முறை அவள் தன்னிடம் எதையாவது கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சாமான் எதுவும் அல்ல. ஒரு கேள்வி. பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஊரில் எல்லோரும் செராமிக்கு என்று சொல்லும் பீங்கான் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் கட்டையும் அகல்விளக்கும் செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. சாமான்களைத் தட்டுகளில் வரிசையாக வைத்துச் சூளைக்குள் அனுப்ப வேண்டும். அவருக்கு முந்தின மேசையில் கிரேசி. மெருகுப் பாலில் முக்கி எடுத்த ஒவ்வொரு சாமானின் அடியையும் ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுப்பாள். துடைக்காமல் விட்டால் சூட்டில் மெருகு உருகி, சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வருஷமாக அவள் துடைக்கிறாள், இவர் அடுக்குகிறார். மண் அரைக்கும் உருளை மிஷின் பக்கத்திலேயே ஓடுவதால் வேலை நேரத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. மதியம் அதை நிறுத்தியதும் கிரேசி ஆரம்பித்துவிடுவாள்.

அன்றும் ஆரம்பித்தாள்.

"அண்ணே, எங்க எதுத்த வூட்டு சொர்ணாம்பாள் மாட்டுக் கத தெரியுமா உங்களுக்கு?"

விருத்தகிரி டிபன் பாக்ஸைத் திறந்தார். வெண்டைக்காய்ப் பொரியல். வாரத்தில் இரண்டு நாள் வெண்டைக்காய்தான். அவருக்கு அது பிடிக்காது. வேல்விழிக்கும் அப்படியொன்றும் பிடித்த மாதிரித் தெரியவில்லை, ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் விழுங்குவாள். ஏன் செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

"ஆடி மாசத்துல காணாம போச்சில்ல. மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வந்தாங்க. எட்டாம் நாளு பெண்ணாடத்துல எவனோ கரும்புக் கொல்லைல மேஞ்சிகிட்டு நிக்குது. ஓட்டியாந்துட்டாங்க. இப்ப என்னான்னா, வூட்ட வுட்டு நவுர மாட்டேங்குது."

"ம்."

"மேய ஓட்டுனா நாலடி போவுது. திரும்பி வந்து வாசல்ல நிக்குது. என்னா ஏதுன்னு பாத்தா, 'மாடு வூடு வந்து சேரணும்'னு எழுதிக் கட்டிட்டு, வந்ததும் ராஜினாமா பண்ணாம வுட்டுட்டாங்க. கேஸு முடியல. அதான் அது பாட்டுக்கு தெனமும் வூடு வந்து சேந்துகிட்டே இருக்குது." கிரேசி சிரித்து முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "நான் மாதா கோயிலுக்குப் போறவ, எனக்கு இதுல பேச ஒண்ணும் இல்ல. ஆனா எந்தக் கோர்ட்டா இருந்தாலும் போட்டவங்கதான வாபஸ் வாங்கணும்?"

விருத்தகிரியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

கொளஞ்சியப்பர் கோயிலில் அது வழக்கம். குறையை ஒரு தாளில், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது போல எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, சுருட்டி, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். திருட்டு, வாய்க்கால் தகராறு, கணவன் குடி, வராத கடிதம், எதுவானாலும். தொண்ணூறு நாளில் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்ப வந்து, தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குப் பெயர் ராஜினாமா.

விருத்தகிரியும் ஒரு பிராது கட்டியிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். ராஜினாமா செய்யவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு ஒன்பதே நாளில் அவர் மனைவி அன்புக்கரசி போய்விட்டாள். வேல்விழிக்கு ஆறு வயது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாளே குழந்தை கேட்க ஆரம்பித்தது. அம்மா எப்ப வரும். சாமி ஊருக்கு பஸ்ஸு கெடையாதா. அங்க அம்மாவுக்கு யாரு தல பின்னுவா. அம்மா நம்ம வூட்டு வழிய மறந்துடுச்சின்னா. பல் தேய்க்கும்போது கேட்டது. சாப்பிடும்போது கேட்டது. சூளை வேலை முடிந்து கண் எரிய வந்து படுத்தால், இமையை விரலால் தூக்கிப் பார்த்துக் கேட்டது. ஒரு நாள் மாலை, சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா செத்துப்போனப்ப நீ ஏன் புடிச்சி வச்சிக்கல?" என்று கேட்டது. கையிலிருந்த எவர்சில்வர் தட்டைச் சுவரில் வீசினார். சோறு கூரை வரைக்கும் தெறித்தது. குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல், வெகு நேரம் அழுதார்.

மறுநாள் மணவாளநல்லூர் போனார். எழுதிக் கொடுக்கிறவரிடம் சொல்லி எழுத வைத்தார். "என் மகள் வேல்விழி, வயது ஆறு, அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டு என்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்க அருள் செய்ய வேண்டும்." கையெழுத்துப் போட்டு வேலில் கட்டிவிட்டு வந்தார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. குழந்தை கேட்பதை நிறுத்திவிட்டது. அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் போய் ராஜினாமா செய்துகொள்ளலாம் என்று இருந்தார். மழை வந்தது, பட்டறையில் வேலை கூடியது, பொங்கல் வந்தது. பிறகு போக வெட்கமாக இருந்தது. குழந்தை அம்மாவைப் பற்றிக் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்றதைக் கேட்பதையும் நிறுத்திக்கொண்டது. அதை அவர் வெகு காலம் கவனிக்கவில்லை.

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கிரேசி பஞ்சை நனைத்தாள். விருத்தகிரி டிபன் பாக்ஸை மூடினார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூர் பஸ் ஏறினார். கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழைய ஆள் இல்லை. நாற்பது வயது இருக்கும். மேசையில் "மதிவாணன் – மனுக்கள் எழுதித் தரப்படும்" என்று அட்டை ஒட்டியிருந்தது.

"பிராதுங்களா, ராஜினாமாங்களா?"

"ராஜினாமா."

"எப்ப கட்டினது?"

"பன்னெண்டு வருஷம் ஆவுது."

மதிவாணன் பேனாவைக் கீழே வைத்தார். "தொண்ணூறு நாளுதாங்க. நீங்க பன்னெண்டு வருஷம் கழிச்சி வர்றீங்க. பிராது கட்டின சீட்டு இருக்குதா?"

"இல்ல."

"சரி, வுடுங்க. அப்பரு மறக்க மாட்டாரு. யாரு மேல கொடுத்தீங்க?"

"எம் பொண்ணு மேல."

"யாரு கூடவாவது போயிட்டுதா?"

"இல்லங்க. அப்ப அதுக்கு ஆறு வயசு."

மதிவாணன் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "சித்தப்பன் மேல எழுதியிருக்கேன். மாமியா மேல எழுதியிருக்கேன். பஞ்சாயத்து போர்டு மேல மட்டும் நாப்பது எழுதியிருக்கேன். ஆறு வயசுப் புள்ள மேல பிராது கட்டின ஆள இப்பதாங்க பாக்கறேன்." பிறகு, சொன்னது அதிகம் என்று பட்டதோ என்னவோ, தாளை நேராக வைத்துக்கொண்டார். "கொற தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு."

"அப்ப சுலபம். 'என் குறை தீர்ந்தது. மனநிறைவோடு பிராதைத் திரும்பப் பெறுகிறேன்.' இப்புடித்தான் எல்லாருக்கும் எழுதறது. கையெழுத்துப் போடுங்க."

விருத்தகிரி பேனாவை வாங்கினார். மனநிறைவோடு என்ற சொல்லுக்கு மேலேயே பேனா நின்றது. வேப்பம் பழம் ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"வெறுந்தாளு ஒண்ணு கொடுங்க" என்றார். "நானே எழுதிகிட்டு வரேன்."

"எழுதுங்க. ஆனா தீர்ந்துச்சின்னு ஒரு வார்த்த இருக்கணும். அது இல்லன்னா அது ராஜினாமா இல்ல."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அது சனிக்கிழமை முழுக்க அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை மகள் பெட்டி அடுக்கினாள். அவர் கதவருகே நின்று பார்த்தார். துணி, போர்வை, பக்கெட்டு, கயிறு, பூட்டு. எதையும் அவரிடம் எடுத்துத் தரச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே எட்டாததற்கு நாற்காலி போட்டுக்கொள்கிற பெண். அவராக, "அங்க சாப்பாடு எப்புடி இருக்கும்?" என்று கேட்டார். "தெரியலப்பா. போனாத்தான் தெரியும்" என்றாள். அதற்கு மேல் கேட்க அவருக்கு வரவில்லை. கேள்வி என்பது பழக்கம். அதை விட்டு அவருக்கும் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து கிரேசி வந்தாள். கையில் புதுப் படுக்கை விரிப்பு. அவளுடைய அக்கா மகள் ஜெசி அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளோடுதான் வேல்விழி போகப்போகிறாள். இரண்டு பெண்களும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள்.

"டீ போடட்டுமா?" என்றார் விருத்தகிரி.

"நீங்க போட்டு நான் குடிச்சி, நாளைக்கு வேலைக்கு வர வேணாமா? உக்காருங்கண்ணே." கிரேசி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னா, புள்ள போவுதுன்னு இருக்குதா?"

அவர் சட்டைப் பையிலிருந்து வெறுந்தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். எழுதாத தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. தட்டு, சோறு, பிராது, சொர்ணாம்பாள் மாடு. முடித்ததும் கிரேசி தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணே, அது கேக்கறத நிறுத்திடுச்சின்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஏன்?"

"எங்கிட்ட கேட்டு எங்கிட்ட கேட்டு என் உசுர எடுத்துச்சு அது. ஸ்கூலு வுட்டு வந்து எம் மேசைகிட்டதான உக்காந்து இருக்கும். நீங்க பாக்கல?"

பார்த்திருக்கிறார். தினமும் நாலரை மணிக்குப் பையோடு வந்து, கிரேசியின் மேசைக்கு அடியில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொள்ளும். தட்டை அடுக்கிக்கொண்டே இங்கிருந்து பார்ப்பார். மிஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. குழந்தையின் வாய் அசைவது தெரியும். கிரேசி குனிந்து அதன் காதருகே ஏதோ சொல்வது தெரியும். பள்ளிக்கூடத்துக் கதை என்று நினைத்திருந்தார்.

"உங்கப்பாகிட்ட கேளுடின்னு மொதல் நாளே சொன்னேன். என்னா சொல்லுச்சு தெரியுமா? 'அம்மாவப் பத்திக் கேட்டா அப்பாவுக்கு வயித்து வலி வந்துடுது அத்த. நீ சொல்லு'ன்னுச்சு."

விருத்தகிரி தரையைப் பார்த்தார்.

"நான் என்னாத்த சொல்றது? அன்புக்கரசிய நான் மூணு தடவ பாத்திருப்பேனா? தீபாவளிக்கு ஒரு வாட்டி பலகாரம் எடுத்துகிட்டு பட்டறைக்கு வந்தாங்க. அவ்ளோதான். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துகிட்டு தெரியாதுன்னு சொல்ல முடியல. கட்டி வுட்டேன். உங்கம்மா இப்புடி நடக்கும், இப்புடிச் சிரிக்கும். உங்கம்மாவுக்கு நீலக் கலருன்னா உசுரு. வெண்டக்கான்னா உசுரு."

அவர் நிமிர்ந்தார். "வெண்டக்காயா?"

"ஏன், பிடிக்காதா?"

"வாடையே ஆவாது அவளுக்கு."

கிரேசி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது போல இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு இல்லை. "அய்யோ மாதாவே. இத்தினி வருஷமா அந்தப் புள்ள அம்மா ஞாபகம்னு வெண்டக்காய வாங்கி வாங்கி ஆக்கிகிட்டு கெடக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லியிருக்கலாமுல்ல அண்ணே, பிடிக்காதுன்னு. ஒரு வார்த்த."

"அது ஏன் ஆக்குதுன்னு நான் கேட்டதே இல்ல" என்றார்.

அவள் போன பிறகு தாளைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, வேல்விழியின் பழைய பரீட்சை அட்டையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டார். அட்டையில் எட்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. எட்டாம் வகுப்பில் அவள் கணக்கில் தோற்று, மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பியபோது அவர் பார்த்துவிட்டு, "என் கையெழுத்துதாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும், "'வி'யில சுழி இன்னும் பெருசா போடணும்" என்று மட்டும் சொன்னார். அவள் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டு வைத்தாள். கருகியிருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள்.

அவளுக்குத் தலையில் பேன் மண்டி, சீப்பு வாங்கி வாசலில் உட்கார வைத்து ஞாயிறு ஞாயிறாக வாரினார். பட்டறை லீவான ஒருநாள் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்துபோய் ஆறு மணிக்கு ஓடினால், குழந்தை வாட்ச்மேன் கொடுத்த வேர்க்கடலையில் பாதியை அப்பாவுக்கென்று உள்ளங்கையில் வைத்து வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தது. பதின்மூன்று வயதில் ஒரு காலை உள்ளேயிருந்து கதவைத் திறக்காமல், "கிரேசி அத்தைய வரச் சொல்லு" என்றது. அவர் சைக்கிளில் பாதி தூரம் போன பிறகுதான் எதற்கென்று புரிந்து, இறங்கி, ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் வேப்பிலைப் படுக்கைக்குக் கீழே தரையில் கிடந்தார். குழந்தை ஒன்றும் கேட்காமல் அவருடைய சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கியது. விரலை உருவினால் விழித்துக்கொள்ளும். அதனால் உருவவில்லை.

இதையெல்லாம் பட்ட பாடு என்றுதான் அவர் இத்தனை நாளும் உள்ளே வைத்திருந்தார். தனியாளாக ஒரு பெண் குழந்தையை வளர்க்கப் பட்ட பாடு. பிராதில் எழுதினால் பத்துப் பக்கம் வரும் என்று நினைத்திருந்தார். இன்று அதில் எதையாவது ஒன்றைக் கொளஞ்சியப்பர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் கொடுக்க மனது வராது என்று தெரிந்தது. கருகிய தோசையைக்கூட.

அந்த ஆறு வயதுக் குழந்தை அப்பாவுக்கு வயிறு வலிக்கக் கூடாதென்று வாளியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் தனக்கு யாரோ செய்த அருள் என்று வாங்கி வைத்துக்கொண்டு, நன்றி சொல்லக்கூடப் போகாமல் இருந்துவிட்டார். சொல்ல வேண்டியது சாமிக்கு அல்ல.

பெண்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டபோது எழுதி முடித்திருந்தார். ஐந்து வரி. தாளை மறுபடி நான்காக மடித்தார்.

திங்கட்கிழமை ரயில் நின்ற நேரத்தில் பெட்டிகளை ஏற்றுவதற்கே சரியாக இருந்தது. ஜெசி உள்பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழிக்கு ஜன்னலோரம். விருத்தகிரி பிளாட்பாரத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இருவரும் இஞ்சின் பக்கம் பார்த்தார்கள்.

"அப்பா."

"ம்."

"கிரேசி அத்த நேத்து போன்ல சொல்லிச்சு. எம்மேல கேஸு போட்டிருக்கியாமே."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பன்னெண்டு வருஷமா நடக்குதாம். ஒரு சம்மன்கூட வரல எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் செய்வாள். இதைக் கிரேசி சொல்லியிருக்க முடியாது. இது தானாக வந்தது.

"இன்னிக்கி வாபஸ் வாங்கிடறேன்" என்றார்.

"வாங்கினப்பறம்தான் கேக்கணுமா, இப்பவே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

ரயில் ஊதியது. வேல்விழி முகத்தைக் கம்பிக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"அம்மாவுக்கு வெண்டக்கா நெஜமாவே பிடிக்குமா?"

அவருக்கு வயிறு வலித்தது. அந்த இடத்திலேயே, அந்தப் பழைய வலி. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். குனியவில்லை.

"பிடிக்காது."

வேல்விழி அவரையே பார்த்தாள். வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நான்கு எட்டு நடந்தார்.

"அப்ப என்னாதான்பா பிடிக்கும்?"

ரயில் வேகமெடுத்தது. கை நழுவியது. அடுத்த ஜன்னல், அடுத்த ஜன்னல், யார் யாரோ முகங்கள். கடைசிப் பெட்டியும் போன பிறகு தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு ஆள் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மணவாளநல்லூர் போனார். மதிவாணன் தாளைப் பிரித்து, வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு கொஞ்சம் சத்தமாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலப் படித்தார்.

"என் மகள் வேல்விழி மேல் நான் கொடுத்த பிராது தவறு. அவள் மேல் குறை எதுவும் இல்லை. குறை என்னிடம் இருந்தது. அவள் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். இனி அவள் கேட்கட்டும், நான் சொல்கிறேன்."

மதிவாணன் கண்ணாடியைக் கழற்றினார். "தீர்ந்துச்சின்னு எழுதச் சொன்னேனே."

"இன்னும் தீரலீங்க."

"அப்ப இத ராஜினாமான்னு எப்புடி எடுத்துக்கறது?"

மதிவாணன் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, உள்ள கொண்டு போயி வைங்க. அப்பரு படிச்சிக்குவாரு" என்று மடித்துக் கொடுத்தார்.

வைத்துவிட்டு வந்து மரத்தடியில் நின்றார். திங்கட்கிழமை என்பதால் கூட்டமில்லை. வேலில் கட்டிய தாள்கள் காற்றில் மெல்லச் சரசரத்தன. வீட்டுக்குப் போனால் கதவைத் தானே திறக்க வேண்டும். மத்தியானத்துக்குத் தானே வடிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாது. அவர் வெகு நேரம் அங்கேயே நின்றார்.

பிறகு போனை எடுத்தார். மகள் எண்ணுக்கு அவராகக் கூப்பிடுவது அபூர்வம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, எதையாவது வுட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்ல. எங்க வருது?"

"சின்னசேலம் தாண்டிட்டோம்." பின்னால் ரயில் இரைச்சல், மண் மிஷின் ஓடுவது போல. "சொல்லுப்பா."

"கருவாடு" என்றார்.

"என்னாது?"

"உங்கம்மாவுக்கு. கருவாட்டுக் கொழம்பு. மறுநாளு பழைய சோத்துக்கு வச்சிக்கும். அதுல எனக்குப் பங்கு கேட்டா சண்டைக்கு வரும்."

"சண்ட போடுமா? அம்மா ரொம்ப அமைதின்னு அத்த சொல்லுமே. வாயே தொறக்காதுன்னு."

"யாரு, உங்கம்மாவா?"

விருத்தகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிவாணன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "மங்கலம்பேட்ட பஸ்ஸுல ஏறினான்னா எறங்கறதுக்குள்ள கண்டக்டரு பொண்டாட்டி பேரு வரைக்கும் தெரிஞ்சிகிட்டுதான் எறங்குவா. ஒரு தடவ என்னாச்சின்னா—"

லைன் அறுந்துவிட்டது. திரையைப் பார்த்தார். சிக்னல் இல்லாத இடம்போலிருக்கிறது. மரத்தடியை விட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று, மறுபடி போட்டார்.